உப்புமேட்டில் யானைப்புல்

ஆற்றுக்கு இக்கரையில் உப்புமேடு என்று ஒரு குன்று இருந்தது. அதில் முயல்கள் கூட்டமாக வாழ்ந்தன. குன்றின் உச்சியில் மட்டும் மண் வெளுத்துக் கிடக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். மற்ற இடமெல்லாம் புல்.

விடிந்ததும் முயல்கள் வளையை விட்டு வெளியே வரும். காலடியில் இருப்பதைக் கொறிக்கும். பருந்து வந்தால் ஓடி ஒளியும். அது போனதும் மறுபடி வந்து கொறிக்கும். உச்சியில் கிடந்த உப்புமண்ணை ஒருவரும் சட்டை செய்ததில்லை.

ஒரு கோடையில் அக்கரைக் காட்டிலிருந்து யானைகள் வந்தன. அவற்றின் உடம்புக்கு உப்பு தேவைப்பட்டது. கூட்டத்தை நடத்தி வந்தது ஒரு வயதான பெண் யானை. எல்லா யானைகளும் அதைப் பெரியம்மா என்று அழைத்தன. நல்ல உப்பெல்லாம் பாறை இடுக்குகளில் இருந்தது. யானையின் கால் அங்கே நுழையவில்லை. தும்பிக்கையை விட்டால் தூசி ஏறித் தும்மல்தான் வந்தது.

அந்த நேரத்தில் செம்பட்டை என்ற பெண் முயல் உச்சியில் இருந்தது. யானைகளைப் பார்த்ததும் அதற்கு ஓடத் தோன்றவில்லை. இருந்த இடத்திலேயே குழி பறித்து உள்ளே போய்விடலாம் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இடுக்குகளுக்கு நடுவே பறித்தது. பின்னால் பறந்த மண் பெரியம்மாவின் தும்பிக்கை மேல் விழுந்தது. பெரியம்மா அதை நக்கிப் பார்த்தது. இத்தனை நாள் நக்கிய எந்த மண்ணும் இவ்வளவு ருசியாக இல்லை. மகிழ்ச்சியில், தான் வழியில் தின்பதற்காகத் தும்பிக்கையில் சுருட்டி வைத்திருந்த புல்கட்டைச் செம்பட்டையின் முன்னால் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பறித்துத் தரும்படி கேட்டது.

வியாபாரம் இப்படித்தான் தொடங்கியது.

யானைகள் புல்லைப் பிடுங்கினால் வேரை அறுத்துவிடும். காலில் தட்டித் தட்டி மண்ணை உதிர்க்கும். அப்படிச் சுத்தமான புல்லை உப்புமேட்டு முயல்கள் அதுவரை தின்றதில்லை. பல்லில் மணல் கடிபடவில்லை. குனிய வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்தில் வாயோரம் வைத்து மென்றால் போதும். முயல்கள் அதற்கு யானைப்புல் என்று பெயர் வைத்தன. தரையில் முளைத்ததற்கும் முதல் முறையாக ஒரு பெயர் தேவைப்பட்டது. அது மேட்டுப்புல் ஆயிற்று.

அடுத்த கோடைக்குள் எல்லா முயல்களும் உப்பு பறிக்கப் போய்விட்டன. மேட்டுப்புல்லைத் தொடுவது கேவலம் என்று ஆனது. செம்பட்டைதான் இதில் எல்லோரையும் விடக் கறாராக இருந்தது. அதன் தங்கை மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையில் வளைவாசலில் நின்று தரையைக் கொறித்ததாகக் காதில் விழுந்ததும், அதை வேண்டாம் என்று நிறுத்தியதே செம்பட்டைதான். தன் குட்டிகள் விளையாட்டுக்குக்கூட ஒரு புல் நுனியைக் கடிக்க அது விட்டதில்லை.

யாரும் கொறிக்காததால் புல் வளர்ந்தது. முதலில் முயல்களின் முதுகை மறைத்தது. பிறகு காதையும் மறைத்தது. வளையை விட்டு வெளியே வந்த முயலுக்குத் திரும்பிப் போகும் வழி தெரியவில்லை. ஆகவே கௌதாரிகளை வேலைக்கு வைத்தார்கள். கௌதாரி மேலே எழும்பிப் பார்த்து, “வலது பக்கம் போங்கள், இன்னும் போங்கள், அதோ உங்கள் வளை” என்று சொல்லும். அதற்குக் கூலி ஒரு பிடி உப்பு.

பற்களாலும் தொல்லை வந்தது. முயலின் முன்பல் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருப்பது. தரையில் கரடுமுரடாகக் கொறித்தால்தான் தேயும். யானைப்புல்லைக் கடைவாயில் மென்றவர்களுக்கு முன்பல் தாடைக்குக் கீழே இறங்கியது. வாய் மூடவில்லை. பேச்சு குழறியது. மலையணில் ஒன்று வந்து, பல் ராவிவிடுகிறேன் என்றது. அதற்கும் கூலி உப்புதான்.

உப்புமேட்டுக்குத் தலைவராக இருந்தவர் நெடுங்காதர். மரியாதைக்காக எல்லோரும் அவரை அவர் இவர் என்றே பேசுவார்கள். யானைகள் வந்துபோன பிறகு அவர் பாறை மேல் ஏறி உரையாற்றுவது வழக்கம். ஒருமுறை அவர், நம் மேடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் புல்லைப் பாருங்கள், முன்பெல்லாம் நம் கணுக்கால் உயரம் இருந்தது, இப்போது தலைக்கு மேல் போய்விட்டது என்று சொன்னார். கூட்டம் முன்னங்கால்களைத் தட்டி ஆரவாரம் செய்தது. பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரையும் கௌதாரிகள் வீட்டில் கொண்டுபோய் விட்டன.

இந்த நிலையில்தான் அக்கரைக் காட்டுக்கு ஒரு வைத்தியர் வந்தார். அவர் ஓர் இருவாச்சிப் பறவை. வடக்கே எங்கோ மான்களுக்கு வைத்தியம் பார்த்துப் பெரிய பெயர் எடுத்தவர். யானையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு லேசாக அசதி இருந்தது. வைத்தியரை அழைத்தார்கள். அவர் கிளையில் உட்கார்ந்தபடி பெரியம்மாவின் கால்களைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து அலகால் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“எத்தனை நாளாக இந்த வீக்கம்?” என்று கேட்டார்.

கால் எப்போதும் இப்படித்தான் இருக்கிறது என்று பெரியம்மா சொன்னது. அப்படியானால் நோய் முற்றிவிட்டது என்றார் வைத்தியர். மற்ற யானைகளையும் வரிசையில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வீக்கம். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கே ஒரே நோய் வந்திருப்பதை அவர் எங்கும் கண்டதில்லையாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். உப்பு என்று தெரிந்ததும் தலையில் சிறகால் அடித்துக்கொண்டார். கால் மானுடைய கால் போல ஆகும்வரை ஒரு துளி உப்பும் நாக்கில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

யானைகள் வருவது நின்றது.

முதலில் முயல்கள் கவலைப்படவில்லை. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும் என்று நினைத்தன. கையிருப்பில் இருந்த யானைப்புல் தீர்ந்ததும் நெடுங்காதர் கூட்டம் போட்டார். யானைகள் வராததற்குக் காரணம் நாம் போதுமான அளவு உப்பு பறிக்காததுதான் என்றார். ஒரு கட்டுப் புல்லுக்கு இரண்டு மடங்கு உப்பு தருவோம், அதற்கு இரண்டு மடங்கு பறிப்போம் என்றார். முயல்கள் பசியோடு பறித்தன. உச்சியில், பின்சரிவின் விளிம்பில் உப்பு குவிந்தது. அது குன்றின் மேல் இன்னொரு குன்று போல நின்றது. எங்கு பார்த்தாலும் உப்பாகிவிட்டதால் கௌதாரிகளுக்கு அதில் ஆசை போய்விட்டது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. மலையணிலும் ராவிக்கொண்டிருந்த பல்லைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது.

முயல்கள் காதுக்கு மேல் வளர்ந்த புல்லுக்குள் நின்றுகொண்டு, தின்பதற்குப் புல் இல்லையே என்று அழுதன. செம்பட்டைக்கு அப்போதுதான் பிறந்த குட்டிகள் இருந்தன. பால் வற்றிவிட்டது. குட்டிகள் கத்துவதை நிறுத்திவிட்டன. கத்தியபோது இருந்ததைவிட அப்போதுதான் செம்பட்டைக்கு அதிகப் பயம் வந்தது. யானைகளை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று அது தலைவரிடம் சொன்னது.

நெடுங்காதரும் செம்பட்டையும் ஆற்றுப் பாறைகளைத் தாண்டி அக்கரைக்குப் போனார்கள். யானைகள் மூங்கில் காட்டில் சோர்ந்து நின்றிருந்தன. இவர்களைப் பார்த்ததும் உப்பு நினைவு வந்து பெரியம்மாவின் வாயில் நீர் ஊறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைத்தியர் சொன்னதை எல்லாம் விவரமாகச் சொல்லி, தன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

“கொஞ்சமாவது இளைத்திருக்கிறதா, சொல்லுங்கள்” என்றது.

நெடுங்காதர் நன்றாகப் பார்த்துவிட்டு, இளைத்திருப்பது போலத்தான் தெரிகிறது என்று மரியாதைக்குச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கக் குணமாகிவிடும் என்றும், குணமானதும் உப்பு சாப்பிடலாம் அல்லவா என்றும் கேட்டார்.

செம்பட்டைக்கு அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லை. உப்பு வேண்டாமென்றால் போகட்டும், பழைய பழக்கத்துக்காகக் கொஞ்சம் புல்லாவது தாருங்கள், குட்டிகள் சாகக் கிடக்கின்றன என்று கெஞ்சியது.

பெரியம்மா சுற்றிலும் பார்த்தது. அதற்கு உண்மையாகவே புரியவில்லை.

“இங்கே புல் எங்கே இருக்கிறது, அம்மாடி? எங்கள் காட்டில் மூங்கில்தான். உனக்குக் கொடுத்ததெல்லாம் உங்கள் மேட்டின் பின்சரிவில் பிடுங்கியதுதானே. ஏறி வருகிற வழியில் இருக்கிறதே என்று பிடுங்கிக்கொண்டு வருவோம். தரையில் அவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு எங்களிடம் ஏன் வாங்குகிறீர்கள் என்று நான்கூட நினைத்ததுண்டு. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று கேட்கவில்லை.”

செம்பட்டை அப்படியே உட்கார்ந்துவிட்டது. நிறுத்திய சம்பந்தம் அதன் நினைவுக்கு வந்தது. மூத்த குட்டிகள் புல் நுனியைக் கடித்தபோதெல்லாம் அவற்றின் காதைப் பிடித்து இழுத்ததும் நினைவுக்கு வந்தது. திரும்பும் வழியெல்லாம் நெடுங்காதர் யோசித்துக்கொண்டு வந்தார்.

மேட்டுக்கு வந்ததும் அவர் எல்லோரையும் கூட்டி, நல்ல செய்தி என்றார். யானைப்புல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி யானைகளை நம்பி இருக்க வேண்டியதில்லை என்றார். பசித்த முகங்கள் மலர்ந்தன. பின்சரிவில் புல்லைப் பறிக்க வேண்டும், வேரை அறுக்க வேண்டும், காலில் தட்ட வேண்டும், பிறகு அதை வாயில் கவ்வி ஆற்றுக்குக் கொண்டுபோய், யானைகள் வரும் பாதையாகவே மேலே கொண்டுவர வேண்டும், அப்போது அது யானைப்புல் ஆகிவிடும் என்று விளக்கினார்.

நேராக மேலே கொண்டுவந்தால் என்ன என்று ஒரு கிழட்டு முயல் கேட்டது.

“நேராக வந்தால் அது மேட்டுப்புல்” என்றார் நெடுங்காதர்.

மறுநாள் காலையில் முயல்கள் பின்சரிவுக்குப் போயின. முன்பல் நீண்டு வளைந்திருந்ததால் கடித்து அறுக்க முடியவில்லை. உப்பு பறித்த பழக்கத்தில் புல்லை வேரோடு பறித்தன. காலில் தட்டியபோது மண் கண்ணில் விழுந்தது. பிறகு ஆளுக்கொரு கட்டைக் கவ்விக்கொண்டு, வரிசையாக ஆற்றுப் பக்கம் இறங்கின. வெயில் ஏறியது. புல்லைச் சுமந்தபடியே இரண்டு முயல்கள் பசியில் மயங்கி விழுந்தன. மற்றவை அவற்றின் கட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டன.

செம்பட்டையும் ஒரு கட்டைக் கவ்வியிருந்தது. அதன் நினைவெல்லாம் குட்டிகள் மேல் இருந்தது. வாயோரம் இருந்த புல்லைக் கடைவாய் தானாக மெல்லத் தொடங்கியது அதற்குத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் நெடுங்காதர் நின்று ஒவ்வொரு கட்டாகப் பார்த்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். செம்பட்டை அவர் முன்னால் வந்து நின்றபோது வாயில் ஒன்றும் இல்லை.

உன் கட்டு எங்கே என்று அவர் கேட்டார்.

செம்பட்டை நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தது. பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. மடியில் பால் சுரந்திருந்தது.

“தின்றுவிட்டேன், தலைவரே” என்றது. “அது ஆற்றைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் வயிறு நிறைந்துவிட்டது.”

வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் செம்பட்டையைப் பார்த்தார்கள். மேட்டுப்புல்லைத் தின்றவர்களை முன்பு எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் முதலில் பார்த்தார்கள். செம்பட்டைக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பால் கட்டி மடி வலித்தது. அது திரும்பி, பாதையை விட்டு, புல்லுக்குள் புகுந்து நேராக மேட்டைப் பார்த்து ஓடியது. கிழட்டு முயல் வாயில் இருந்த கட்டைக் கீழே வைத்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டு தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் மெல்லும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அன்று மாலை குட்டிகள் மறுபடி கத்தின. செம்பட்டை அவற்றை மாற்றி மாற்றி நக்கிக் கொடுத்தது. பின்சரிவில் சொரசொரப்பான பாறை ஒன்று இருந்தது. முயல்கள் அதில் பல்லைத் தேய்த்தன. கூசியது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் தேய்த்தன. இரண்டு மூன்று நாளில் குனிந்து கொறிக்க முடிந்தது.

அப்படிக் கொறித்தபடி மேலே ஏறிய செம்பட்டை ஓர் இடத்தில் நின்றது. உப்புக் குவியலுக்கு நேர் கீழே புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. காலைப் பனியில் குவியலின் ஓரம் கரைந்து அந்த வழியாகத்தான் வடிந்திருந்தது. பனிக்கே இப்படியென்றால் மழை வந்தால் என்ன ஆகும்? மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

செம்பட்டை நெடுங்காதரிடம் ஓடியது. குவியலை மறுபக்கத்துப் பாறைப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்சரிவு முழுவதும் வெந்துபோகும் என்றது. நெடுங்காதர் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். நம் சம்பாத்தியம் முழுவதையும் பள்ளத்தில் கொட்டச் சொல்கிறாயா என்று கேட்டார். அந்த வைத்தியர் என்றைக்காவது சாகத்தானே போகிறார், அதுவரை பொறுத்திருப்போம் என்றார்.

மற்ற முயல்களுக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு பிடியும் அவை பட்டினியோடு பறித்தது. யாரைவிடவும் அதிகமாகப் பறித்தது செம்பட்டைதான். அதன் நகங்கள் அதில்தான் உடைந்திருந்தன. அது யாரையும் கூப்பிடவில்லை. குவியலுக்கு முதுகைக் காட்டி நின்று பின்னங்கால்களால் உதைக்க ஆரம்பித்தது. உப்பு பறந்து பள்ளத்தில் விழுந்தது. முதல் இடி இடித்ததும் இன்னொரு முயல் வந்து பக்கத்தில் நின்றது. பிறகு எல்லோரும் வந்தார்கள்.

மழை இறங்கியபோது குவியலில் பெரும்பங்கு போய்விட்டது. நெடுங்காதர் உட்கார்ந்திருந்த பகுதியை மட்டும் யாரும் தொடவில்லை. தலைவரை எப்படி உதைப்பது? அதை மழை பார்த்துக்கொண்டது. உப்பு கரையக் கரைய அவர் உட்கார்ந்தபடியே வழுக்கி, சரிவின் அடி வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அவர் போன வழி நெடுக ஒரு பட்டையாகப் புல் செத்தது. அந்தப் பட்டையில் வெகு காலம் எதுவும் முளைக்கவில்லை. இரண்டு பக்கமும் புல் தப்பித்தது.

அக்கரையில் அதே மழைக்காலத்தில் ஒரு யானைக்குட்டி பிறந்தது. வைத்தியர் வந்து பார்த்து, ஐயோ, இதற்கும் காலில் வீக்கம் என்றார். பெரியம்மா குட்டியின் காலைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது. இந்தக் குட்டி இன்னும் பாலே குடிக்கவில்லையே, உப்பை எப்போது தின்றது என்று கேட்டது. வைத்தியர், அவசரமாக வேறு ஊர்ப் பயணம் இருப்பதாகச் சொன்னார். பிறகு அவர் ஏரிப் பக்கம் போய், நாரைகளின் கால் மெலிந்திருப்பதைப் பார்த்து, சத்துணவு எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி.

யானைகள் மறுபடி உப்புமேட்டுக்கு வந்தன. வழக்கம்போலத் தும்பிக்கையில் புல்கட்டு இருந்தது. பெரியம்மா ஒரு கட்டைச் செம்பட்டையின் முன்னால் வைத்து, வெட்கத்தோடு சிரித்தது.

உப்பு தருகிறோம், ஆனால் புல் வேண்டாம் என்றது செம்பட்டை.

“பிறகு என்னதான் வேண்டும்?”

“கோடையில் தண்ணீருக்கு ஆற்றுவரை போகிறோம். வழியில் பருந்து தூக்கிவிடுகிறது. அடிவாரத்து மணல் ஓடையில் உங்கள் காலால் ஓர் ஊற்று தோண்டிக் கொடுங்கள். எங்களால் அவ்வளவு ஆழம் முடியாது.”

இவ்வளவு பெரிய காலுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டா என்று பெரியம்மாவுக்கு மகிழ்ச்சி. யானைகள் அன்றே ஓடையில் இறங்கின. பொழுது சாய்வதற்குள் மணலுக்கு அடியில் தண்ணீர் கண்டது. முயல்கள் காலையில் புல் கொறித்தன, வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் உப்பு பறித்தன. நெடுங்காதர் மட்டும் யானைகள் வரும்போதெல்லாம் தனியாகப் போய் ஒரு கட்டு யானைப்புல் கேட்டு வாங்கிக்கொள்வார். மற்ற புல் தனக்குச் செரிப்பதில்லை என்பார். அவர் வயதை நினைத்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நம் மண்ணில் கிடைக்கும் செல்வத்தை விற்பதில் தவறில்லை. ஆனால் அதோடு சேர்த்து நமக்கு வேண்டியதை நாமே தேடிக்கொள்ளும் பழக்கத்தையும் விற்றுவிட்டால், வாங்குகிறவர் ஒருநாள் வேண்டாம் என்று தலையாட்டியதும் நம் வயிறுதான் காயும்.